தஞ்சம் மறுக்கப்பட்டால் நீதிமன்றம் எதைச் சோதிக்கும்?

ஊருக்குத் திரும்பினால் உயிருக்கு ஆபத்து என்கிறார் ஒருவர். அதை நம்பப் போதிய காரணம் இல்லை என்று அரசு கைவிரிக்கிறது. அவர் நீதிமன்றப் படியேறுகிறார். நீதிபதி எதைப் பார்க்க வேண்டும்? அதிகாரி சட்டப்படி நடந்தாரா என்பதை மட்டுமா, அவர் சொல்லும் ஆபத்து உண்மைதானா என்பதையுமா? ஆபத்து உண்மை என்றே தோன்றினால் அரசின் முடிவை ரத்து செய்துவிட்டு விலகிக்கொள்ள வேண்டுமா, தங்கவிடுங்கள் என்றே உத்தரவிடலாமா?

நூறாண்டுக்கும் மேலாக நீதிமன்றங்கள் இக்கேள்விக்கு வெவ்வேறு விடைகளைச் சொல்லி வந்திருக்கின்றன. கடந்த நாற்பது ஆண்டுகளில் எழுந்த விடைகள் பலவற்றுக்குப் பின்னால் ஈழத்தமிழர் தொடுத்த வழக்குகள் இருக்கின்றன. லண்டன், ஒட்டாவா, கான்பெரா நீதிமன்றங்களின் புகலிடச் சட்டத்தைத் தமிழர் வழக்குகளை விட்டுவிட்டு எழுத முடியாது. கடல் தாண்டியதும் கிடைக்கும் முதல் கரை தமிழ்நாடு. இங்கேதான் இந்தச் சட்டம் மிக மெலிந்து கிடக்கிறது. அகதிகளுக்கான ஐ.நா.வின் 1951 உடன்படிக்கையிலும் 1967 நெறிமுறையிலும் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கெனத் தனிச் சட்டமும் இல்லை.

இதுவரை சொல்லப்பட்ட விடைகளை நான்கு நிலைப்பாடுகளாகப் பிரிக்கலாம். ஒவ்வொன்றின் பிறப்பையும் பலவீனத்தையும் பார்த்த பின், சென்னையில் இருப்போருக்கு அவற்றால் என்ன பயன் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

## முதல் நிலைப்பாடு: வெளியேற்றும் உரிமை அரசுக்கே

யாரை உள்ளே விடுவது, யாரை வெளியே அனுப்புவது என்பது இறையாண்மை சார்ந்த விஷயம், நீதிமன்றம் அதில் தலையிடக் கூடாது என்பது மிகப் பழைய நிலைப்பாடு. இதன் வேர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் சீனர் விலக்குச் சட்டங்களில் இருக்கிறது. திரும்பி வர அனுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்வந்த ஒரு சீனத் தொழிலாளியை உள்ளே விட மறுத்தது சரியே என்று 1889இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டாண்டு கழித்து, ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலிருந்து மேல்முறையீடாக வந்த மற்றொரு சீனர் வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சிலும் அயலாருக்கு உள்ளே நுழையும் உரிமை இல்லை என்றது. இன்று பொதுக் கொள்கையாகப் பேசப்படும் இந்த வாதம் இனவிலக்கின் மடியில் வளர்ந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

இந்தியாவில் இதன் முத்திரைத் தீர்ப்பு 1955இன் ஹான்ஸ் முல்லர் வழக்கு. ஒரு ஜெர்மானியர் தொடுத்த அந்த வழக்கில், 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டினர் சட்டம் வெளியேற்றும் அதிகாரத்தைத் தங்குதடையின்றி அரசுக்கு அளித்திருக்கிறது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு கூறியது. 1991இல் லூயி டி ரேட் வழக்கில் அதே வழி தொடர்ந்தது. மனுதாரர் 1937 முதல் இந்தியாவில் வாழ்ந்த பெல்ஜியப் பாதிரியார். அயலாருக்கு உயிர், உடல் பாதுகாப்பு உண்டு. இங்கேயே தங்கிக் குடியிருக்கும் உரிமை கிடையாது என்றது நீதிமன்றம்.

இந்த நிலைப்பாட்டுக்கு ஒரு நியாயம் உண்டு. எல்லையைக் காப்பதற்கும் அண்டை நாட்டு உறவுக்கும் மக்களிடம் பதில் சொல்ல வேண்டியவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசினர், நீதிபதிகள் அல்லர். ஆனால் வெளியேற்றுவதும் ஆபத்தின் வாயில் தள்ளுவதும் வேறு வேறு என்பதை இது கண்டுகொள்வதில்லை. மேலும், கட்டற்ற அதிகாரம் அரசியல் காற்றோடு திரும்பும். 1985 ஆகஸ்டில், இலங்கை இனச் சிக்கல் குறித்த திம்புப் பேச்சு முறிந்த சூட்டில், சென்னையில் இருந்த ஈழத்தமிழர் பிரமுகர்களான ஆன்டன் பாலசிங்கம், சந்திரஹாசன் உள்ளிட்டோரை நாடுகடத்த மத்திய அரசு உத்தரவிட்டது. தமிழ்நாட்டில் எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு பின்வாங்கியது. அவர்களுக்கு ஆதரவாக ஒரு மாநிலமே குரல் கொடுத்தது. பெயர் தெரியாத ஓர் அகதிக்கு அப்படி யார் குரல் கொடுப்பார்? நீதிமன்றம் தேவைப்படுவது அவருக்குத்தான்.

## இரண்டாவது நிலைப்பாடு: வழி சரியா என்று பார்த்தால் போதும்

முடிவைத் தொடாமல், முடிவுக்கு வந்த வழியை மட்டும் சோதிப்பது இரண்டாவது விடை. அதிகாரி சரியான சட்டக் கேள்வியைக் கேட்டுக்கொண்டாரா, பாதிக்கப்பட்டவரைக் கேட்டாரா, எதிரான தகவலை அவர் முன் வைத்தாரா, எவரும் எட்ட முடியாத முடிவை எட்டினாரா என்பவைதான் கேள்விகள். இங்கிலாந்தின் நிர்வாகச் சட்டத்தில் வளர்ந்த இந்த முறை காமன்வெல்த் நாடுகளுக்குப் பரவியது.

இதன் எல்லையைத் துல்லியமாகக் காட்டியவை தமிழர் வழக்குகளே. 1987 டிசம்பரில், தஞ்சம் மறுக்கப்பட்ட தமிழ் இளைஞர்களின் சிவகுமாரன் வழக்கில் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை, அகதியின் அச்சம் அவர் மனத்தில் இருப்பது மட்டும் போதாது, வெளியுலக நிலவரத்திலும் அதற்கு ஆதாரம் இருக்க வேண்டும் என்று கூறி உள்துறை அமைச்சரின் மறுப்பை உறுதி செய்தது. 1988 பிப்ரவரியில் அந்த இளைஞர்கள் இலங்கைக்கு அனுப்பப்பட்டார்கள். அன்றைய சட்டப்படி, நாட்டை விட்டுப் போன பிறகே அவர்களால் மேல்முறையீடு செய்ய முடிந்தது. 1989 மார்ச்சில் மேல்முறையீட்டு அதிகாரி சாட்சியங்களை முழுதாக அலசி, அவர்களை அகதிகளாக ஏற்றிருக்க வேண்டும் என்று முடிவு செய்தார். அவர்கள் மீண்டும் பிரிட்டனுக்கு அழைத்துவரப்பட்டார்கள்.

கதை அதோடு முடியவில்லை. ஐவரின் வழக்கு வில்வராஜா வழக்கு என்ற பெயரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனது. 1991 அக்டோபர் 30 அன்று அந்த நீதிமன்றம், பிரிட்டன் உரிமை மீறவில்லை என்றும் நீதிமன்ற மறுஆய்வே போதுமான பரிகாரம் என்றும் பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. மறுஆய்வு ‘சட்டப்படி சரி’ என்று விட்டுவிட்ட ஒரு முடிவை, உண்மைகளைத் தோண்டிய மேல்முறையீடு தவறென்று கண்டது. இந்த இடைவெளிதான் இரண்டாவது நிலைப்பாட்டின் மீதான மிக வலுவான விமர்சனம். 1993இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் நாட்டுக்குள் இருந்தபடியே மேல்முறையீடு செய்யும் உரிமையைச் சட்டமாக்கியது.

ஆஸ்திரேலியாவில் இந்த முறை இன்னும் கறாரானது. அங்கே பாதுகாப்பு விசா மறுக்கப்பட்டால், தகுதியை எடைபோடுவது தீர்ப்பாயத்தின் வேலை, சட்டப் பிழையைத் தேடுவது நீதிமன்றத்தின் வேலை என்று கோடு கிழித்திருக்கிறார்கள். நீதிமன்றக் கதவையே மூட நாடாளுமன்றம் முயன்றபோது, அரசமைப்பு அளித்த மறுஆய்வு அதிகாரத்தைச் சாதாரணச் சட்டம் பறிக்க முடியாது என்று 2003இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் நிறுத்தியது. 2010இல் எம்61 வழக்கில், கிறிஸ்துமஸ் தீவில் அடைக்கப்பட்டிருந்த இரண்டு இலங்கைத் தமிழர்களுக்கு ஏழு நீதிபதிகளும் ஒருமித்து நிவாரணம் அளித்தார்கள். படகில் வந்தவர்களுக்கெனச் சட்டத்துக்கு வெளியே நடத்துவதாகச் சொல்லப்பட்ட விசாரணையும் நியாயமாக நடக்க வேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம்.

நியாயமான நடைமுறை என்ற இந்தக் கவசத்துக்கும் ஓட்டைகள் உண்டு. 2014 ஜூனில் 157 தமிழர்களோடு இந்தியக் கரையிலிருந்து கிளம்பிய படகை ஆஸ்திரேலியா நடுக்கடலில் மறித்தது. அவர்களை வாரக்கணக்கில் கப்பலில் அடைத்து வைத்தது சட்டப்படி செல்லும் என்று 2015 ஜனவரியில் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பானது. வழக்கில் வென்றவருக்கும் பெரும்பாலும் கிடைப்பது மறுபரிசீலனைதான். கோப்பு அதே அமைப்புக்குத் திரும்பும். பிழை திருத்தப்பட்ட புதிய மறுப்பு வரலாம்.

## மூன்றாவது நிலைப்பாடு: உயிர் பணயமானால் உன்னிப்பு கூட வேண்டும்

எல்லா அரசு முடிவுகளையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது என்பது மூன்றாவது விடை. கடை உரிமம் மறுப்பதும் தஞ்சம் மறுப்பதும் ஒன்றல்ல. 1987இல் புக்டேகே வழக்கில், உயிர் பணயமாகும் முடிவுகளை மிகுந்த கவலையோடு துருவிப் பார்க்க வேண்டும் என்று பிரபுக்கள் சபை சொன்னதிலிருந்து இந்த வழி வளர்ந்தது. கனடாவில் 1985இன் சிங் வழக்கு, நம்பகத்தன்மை கேள்விக்குள்ளாகும்போது கோரிக்கையாளரை நேரில் கேட்டாக வேண்டும் என்று நிலைநாட்டியது. 2002இல் சுரேஷ் வழக்கில் ஓர் இலங்கைத் தமிழரை நாடுகடத்தும் உத்தரவை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. சித்திரவதை ஆபத்து இருப்பதாகக் காட்டியவரிடம் அரசு தன் கையில் உள்ள ஆவணத்தைக் கொடுக்க வேண்டும், அவர் பதிலைப் பெற வேண்டும், காரணங்களை எழுத்தில் தர வேண்டும் என்றது.

உன்னிப்பு என்றால் நடைமுறையில் என்ன என்பதற்கு 2019 மார்ச்சில் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் தீர்த்த கே.வி. வழக்கு நல்ல சான்று. மனுதாரர் இலங்கைத் தமிழர். விடுதலைப் புலிகளின் நகைகள் தொடர்பான வேலை செய்ததற்காகப் படையினர் பிடித்துச் சென்று, காய்ச்சிய இரும்புக் கம்பியால் சுட்டதாகக் கூறினார். அவர் கையிலும் முதுகிலும் தழும்புகள் இருந்தன. முதுகுத் தழும்புகளின் ஓரங்கள் கூர்மையாக இருந்தன. துடிக்கும் உடலில் சூடு இப்படி நேர்க்கோடாக விழாது என்பதால், தஞ்சம் பெறுவதற்காகப் பிறரைக் கொண்டு தனக்குத் தானே சூடு போட்டுக்கொண்டார் என்று தீர்ப்பாயம் சந்தேகித்தது. சூடு போடும்போது தான் மயங்கிக் கிடந்ததாக அவர் சொல்லியிருந்தார். தழும்பு எப்படி வந்திருக்கும் என்று கருத்துச் சொல்வதில் மருத்துவர் எல்லை மீறிவிட்டார் என்று கீழ்நிலை அமைப்புகள் கூறியதை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. வேண்டுமென்றே தன்னைச் சுட்டுக்கொள்ளச் சொல்பவர்கள் மிக அரிது என்பதையும் தீர்ப்பாயம் எடைபோட்டிருக்க வேண்டும் என்று கூறி, மறுவிசாரணைக்கு அனுப்பியது. ஒரு தழும்பின் ஓரம் வரை போய்ப் பார்த்தது நீதிமன்றம். மேலோட்டமான சட்டப் பிழை தேடலில் இது அகப்பட்டிருக்காது.

இதன் பலவீனம் அளவுகோல் இல்லாமை. எவ்வளவு உன்னிப்பு என்பது நீதிபதிக்கு நீதிபதி மாறும். தேசப் பாதுகாப்பு என்ற சொல் வந்தவுடன் அரசின் கணிப்புக்குத் தலைவணங்கும் போக்கும் உண்டு. சுரேஷ் தீர்ப்பே, அசாதாரணச் சூழலில் சித்திரவதை ஆபத்துள்ள நாட்டுக்கும் அனுப்பலாம் என்ற கதவை முழுமையாக மூடவில்லை.

## நான்காவது நிலைப்பாடு: திருப்பி அனுப்பாமை ஓர் உரிமை

ஆபத்துள்ள இடத்துக்கு ஒருவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது அரசின் தயவு அல்ல, அடிப்படை உரிமை என்பது நான்காவது நிலைப்பாடு. இந்தியாவில் இதற்குக் களம் அரசமைப்பின் 21ஆம் உறுப்பு. அது குடிமகன் என்று சொல்லவில்லை. எவருடைய உயிரையும் உடல் சுதந்திரத்தையும் சட்டவழி அன்றிப் பறிக்கக் கூடாது என்கிறது. அந்தச் சட்டவழி நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்று 1978இல் மேனகா காந்தி வழக்கு சேர்த்தது. 1996இல் அருணாசலப் பிரதேசத்தின் சக்மா அகதிகள் வழக்கில், அவர்களின் உயிரைக் காப்பது மாநிலத்தின் கடமை என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 1998இல் இராக்கியர் இருவரின் வழக்கில் குஜராத் உயர் நீதிமன்றம், திருப்பி அனுப்பாமைக் கோட்பாடு 21ஆம் உறுப்புக்குள்ளேயே அடங்குகிறது என்று கருதியது. 2021 மே மாதம் மணிப்பூர் உயர் நீதிமன்றமும் மியான்மர் பத்திரிகையாளர்கள் தொடர்பான வழக்கில் அதே பாதையில் சென்றது.

உயர் நீதிமன்றங்கள் திறந்த இந்தக் கதவை உச்ச நீதிமன்றம் அகலத் திறக்கவில்லை. மணிப்பூர்த் தீர்ப்புக்கு ஒரு மாதம் முன்பு, 2021 ஏப்ரலில், ரோஹிங்யாக்கள் தொடர்பான சலிமுல்லா வழக்கின் இடைக்கால உத்தரவில், நாடுகடத்தப்படாமல் இருக்கும் உரிமை, நாட்டில் குடியிருக்கும் உரிமையின் துணை உரிமை, அது குடிமக்களுக்கே உரியது என்று கூறியது. உரிய நடைமுறைப்படியே அனுப்ப வேண்டும் என்ற நிபந்தனையை மட்டும் விதித்தது. 2025 மே மாதம், தண்டனைக் காலம் முடிந்ததும் நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருந்த ஓர் இலங்கைத் தமிழரின் மனு வந்தது. உலகெங்கும் உள்ளவர்களுக்கு இடம் கொடுக்க இந்தியா தர்மசத்திரமல்ல என்று வாய்மொழியாகக் குறிப்பிட்டு உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது.

இங்கே ஒரு தர்க்கக் குழப்பம் இருக்கிறது. இந்தியாவில் குடியேறும் உரிமை ஒன்று. கொல்லப்படக்கூடிய இடத்துக்கு அனுப்பப்படாமல் இருப்பது வேறொன்று. முதலாவது குடிமக்களுக்கு மட்டும் உரியது என்பதால் இரண்டாவதும் அப்படியே என்று ஆகிவிடாது. அதே சமயம் உரிமை வாதிகளும் ஒன்றைத் தெளிவாக்கவில்லை. திருப்பி அனுப்ப முடியாதவர் எந்த அந்தஸ்தில், எத்தனை காலம் இங்கே இருப்பார்? வேலை, படிப்பு, பயணம் எதற்கும் இந்த உரிமையில் பதில் இல்லை.

## சென்னையில் மறுஆய்வு செய்ய என்ன இருக்கிறது?

இந்த நான்கையும் சென்னையில் வைத்துப் பார்த்தால் ஒரு வினோதம் தெரியும். மயிலாப்பூரிலோ அடையாறிலோ உள்ள ஒரு வழக்கறிஞரிடம் ஈழத்தமிழர் ஒருவர் வந்து ரிட் மனு போடச் சொன்னால், வழக்கறிஞர் முதலில் கேட்பது “எந்த உத்தரவை எதிர்த்து?” என்பதுதான். 226ஆம் உறுப்பு உயர் நீதிமன்றத்துக்குத் தரும் அதிகாரம் விசாலமானது. ஆனால் ரத்து செய்யக் கையில் ஒரு முடிவு வேண்டுமே! அகதி என்று ஏற்கவோ மறுக்கவோ சட்டம் வகுத்த முறை இங்கே இல்லை. தீர்ப்பாயமும் இல்லை.

இருப்பவை பல அலுவலகங்கள். விசா, பதிவு, வெளியேறும் அனுமதி என்றால் ஹாடோஸ் சாலையில் சாஸ்திரி பவன் வளாகத்தில் உள்ள வெளிநாட்டினர் பதிவு அலுவலகம். முகாம், உதவித்தொகை என்றால் சேப்பாக்கம் எழிலகத்தில் மறுவாழ்வுத் துறை. முகாமுக்கு வெளியே குடியிருந்தால் உள்ளூர்க் காவல் நிலையப் பதிவு. பாதுகாப்பு ஐயம் என்றால் காவல்துறையின் கியூ பிரிவு. அடைத்து வைப்பது என்றால் திருச்சி சிறப்பு முகாம். இறுதி முடிவு டெல்லி உள்துறை அமைச்சகத்தில். ஒருவரின் தலைவிதி இத்தனை இடங்களில் சிதறிக் கிடக்க, எதிலும் காரணத்தோடு கூடிய முழு முடிவு ஒன்று உருவாவது அரிது.

சென்னை உயர் நீதிமன்றத்தின் அனுபவமும் இதையே காட்டுகிறது. ராஜீவ் காந்தி கொலைக்குப் பின், 1992இல் அகதிகளைத் திருப்பி அனுப்பும் பணி தொடங்கியபோது பழ. நெடுமாறனும் மருத்துவர் ராமதாஸும் வழக்குத் தொடுத்தார்கள். சம்மதம் உண்மையிலேயே விருப்பத்தின் பேரில் தரப்படுகிறதா என்பதே கேள்வி. ஐ.நா. அகதிகள் ஆணையம் அதைச் சரிபார்க்க முன்வந்தது. உலக அமைப்பு ஒன்று கண்காணிக்கும்போது சம்மதத்தைத் தான் ஆராய வேண்டியதில்லை என்று நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது. அவ்வாணையத்தின் அலுவலகம் சென்னைக்கு வந்ததே இந்தச் சூழலில்தான். வழக்கு ஒரு காவலைக் கொண்டுவந்தது. அந்தக் காவல் சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பவர் யார் என்ற கேள்வி மிஞ்சியது.

2019 ஜூனில் மதுரைக் கிளையில் உலகநாதன் வழக்கு வேறொரு வழியைக் காட்டியது. 1983க்குப் பின் வந்து முகாமில் வாழும் மலையகத் தமிழர்கள் குடியுரிமை கேட்டார்கள். குடியுரிமை வழங்குவது அரசின் அதிகாரம் என்று ஒப்புக்கொண்ட நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், முப்பத்தைந்து ஆண்டுகளாக முகாமில் கண்காணிப்பின் கீழ் வைத்திருப்பது 21ஆம் உறுப்பைப் புண்படுத்துகிறது என்றார். புதிதாக விண்ணப்பிக்கவும், சட்ட நுணுக்கத்தைத் தாண்டி அவற்றைப் பரிசீலித்துக் குறித்த காலத்துக்குள் முடிவெடுக்கவும் உத்தரவிட்டார். முடிவு என்ன என்று சொல்லாமல், முடிவு ஒன்று வந்தாக வேண்டும் என்றது அத்தீர்ப்பு. டெல்லி உயர் நீதிமன்றமும் 2015இல் மியான்மர் அகதிகள் வழக்கொன்றில், பதிவு அலுவலர் அவர்களைக் கேட்டு, ஐ.நா. ஆணையத்தோடு கலந்து முடிவு செய்யட்டும் என்று இதையொட்டிய வழியைப் பின்பற்றியது.

2025இல் சட்டம் மாறியது. 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் குடிவரவு, வெளிநாட்டினர் சட்டம் 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதனுடன் வந்த விலக்கு ஆணை, 2015 ஜனவரி 9 வரை தஞ்சமடைந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களைக் கடவுச்சீட்டும் விசாவும் இல்லாததற்கான தண்டனையிலிருந்து காக்கிறது. வரவேற்க வேண்டிய நிம்மதி இது. ஆனால் ஆணையாக வந்தது ஆணையாகவே திரும்பலாம். 2019 குடியுரிமைத் திருத்தம் இலங்கையைச் சேர்க்காததால், நிலையான அந்தஸ்துக்கான அந்தக் கதவும் இவர்களுக்குத் திறக்கவில்லை.

## மதிப்பீடு

நான்கு நிலைப்பாடுகளும் ஓர் ஊகத்தின் மேல் நிற்கின்றன. அரசு ஒரு முடிவை எடுத்து, காரணம் எழுதி, சம்பந்தப்பட்டவர் கையில் கொடுத்திருக்கிறது என்பதே அது. நீதிமன்றம் எவ்வளவு ஆழமாகப் பார்க்கலாம் என்ற வாதம் அதற்குப் பிறகே பொருள் பெறும். கே.வி. வழக்கில் தழும்பின் ஓரம் வரை போக முடிந்ததற்குக் காரணம், தீர்ப்பாயம் தன் சந்தேகத்தை வரிவரியாக எழுதி வைத்திருந்ததுதான். எழுதாத காரணத்தில் எந்த நீதிபதியாலும் பிழை காண முடியாது. ஆகவே இந்தியாவில் முதல் தேவை மறுஆய்வின் ஆழத்தைக் கூட்டுவது அல்ல. தனியொருவரின் கோரிக்கையைக் கேட்டு, காரணத்தோடு எழுத்தில் முடிவளிக்கும் கடமையை நிலைநாட்டுவதே என்று தோன்றுகிறது. குடியேறும் உரிமை இல்லை என்று கருதுவோரும் இதை மறுக்க வேண்டியதில்லை. நடைமுறைப்படியே அனுப்ப வேண்டும் என்று சலிமுல்லா உத்தரவே சொல்கிறது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. 1983 முதல் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட இலங்கைத் தமிழர் தமிழ்நாட்டுக்கு வந்தது, தனித்தனி விசாரணை ஏதுமின்றி மொத்தமாக ஏற்கப்பட்டதால்தான். ஆளுக்கொரு கோப்பு திறந்தால், கோப்புக்கொரு மறுப்பும் வரலாம். மேலைநாடுகளில் சட்டம் விரிய விரிய மறுக்கும் நுட்பமும் வளர்ந்தது உண்மை. எனவே, தனி விசாரணை என்பது திருப்பி அனுப்ப நினைக்கும்போது கட்டாயமாகவும், ஏற்றுக்கொள்ளும்போது தேவையற்றதாகவும் இருப்பதே பொருத்தமாகலாம்.

தீராத கேள்விகள் மூன்று. பாதுகாப்பு அமைப்புகளின் ரகசிய அறிக்கையைச் சம்பந்தப்பட்டவருக்கு எவ்வளவு காட்ட வேண்டும்? தேசப் பாதுகாப்பு என்று சொல்லிவிட்டால் மட்டும் போதாது என்று 2023இல் மீடியா ஒன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஒரு தொலைக்காட்சிக்குக் கிடைத்த அந்தப் பாதுகாப்பு ஓர் அகதிக்கும் நீளுமா என்பது இன்னும் சோதிக்கப்படவில்லை. அடுத்தது, போர் முடிந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேலான நிலையில் ஆபத்தை எந்த ஆதாரங்களைக் கொண்டு அளப்பது? மூன்றாவது, இங்கேயே பிறந்து வளர்ந்து வேறு ஊரையே அறியாத தலைமுறைக்குத் திருப்பி அனுப்பாமை என்ற கோட்பாடே போதுமா, அவர்களுக்கு வேண்டியது குடியுரிமைச் சட்டமா?

கடைசிக் கேள்விக்கு நீதிமன்றத்தில் விடை கிடைப்பது கடினம். அது நாடாளுமன்றத்தின் பொறுப்பு. முதல் இரண்டுக்கும் நீதிமன்றமே வழி காட்ட முடியும். தன் முன் நிற்பவரை அரசு அனுப்ப முனையும் ஒவ்வொரு முறையும், ஏன் என்று எழுதிக் கொடுங்கள் என்று அரசைக் கேட்பதிலிருந்து அது தொடங்கலாம். புதிய சட்டம் எதுவும் வராமலேயே 226ஆம் உறுப்பு அதற்கு இடம் தருகிறது.